மேல்வீட்டம்மா இறங்காத பிற்பகல்

காட்டிலாகாவில் அவளை எல்லோரும் மேல்வீட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வீடு என்றால், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் இரும்பு அறை. ஏறிப் போக நூற்றுப் பன்னிரண்டு படி. அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், காட்டுத்தீக் காவல் கோபுரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றதும் தானே கேட்டு வாங்கிய வேலை அது. "டைப் அடிச்சே கண்ணு போயிடும்னு பயந்தேன். இப்ப பத்து மைல் தெரியுது" என்பாள்.

அங்கே முதலில் இருந்தது மரக்கோபுரம். அவள் பிறப்பதற்கு முன்பே அது தீயில் எரிந்துபோனது. காவலாள் பாதிப் படியிலிருந்து குதித்து, காலொடிந்து பிழைத்தார். பிறகுதான் மொட்டைப் பாறைமேல் இரும்பில் கட்டினார்கள். கிழக்குக் குன்றிலும் ஒன்று எழுந்தது. ஒரே புகையை இரண்டு கோபுரமும் பார்த்துத் திசை சொன்னால், வரைபடத்தில் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் தீ. கிழக்குக் கோபுரத்தை ஆள் குறைப்பில் மூடி மூன்று வருடமாகியிருந்தது. இவளால் திசைதான் சொல்ல முடியும், தூரம் குத்துமதிப்புதான்.

அவள் வேலைக்கு வந்த ஆறாவது கோடையில், ஒருநாள் மதியம் ஒன்றரை மணிக்குத் தெற்குப் பள்ளத்தில் நூல்போலப் புகை எழுந்தது. வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"போன வாரம் மாதிரி லாரிப் புழுதி இல்லையே?" என்றார் ரேஞ்சர்.

"புழுதின்னா அடங்கும் சார். இது தடிச்சுக்கிட்டே போகுது."

தீயணைக்கும் குழுவில் ஒன்பது பேர் போனார்கள். அதில் ஒருவன் அவள் தம்பி. அவனை அந்தக் குழுவில் சேரச் சொன்னவளே அவள்தான்.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. தீ இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை குழுவின் முதுகுப் பக்கமாக வளைந்துகொண்டு போவது அவளுக்குத் தெரிந்தது. கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இன்னொரு கிளை அவள் இருந்த குன்றை நோக்கி ஏறியது.

"உடனே இறங்கும்மா, ஜீப் கீழ நிக்குது!" ரேஞ்சர் வாக்கி டாக்கியில் கத்தினார்.

"நான் இறங்கிட்டா அவங்களுக்கு யாரு சார் பாத்துச் சொல்றது? ஜீப்பை அனுப்பிடுங்க."

உடனே குழுவின் மேஸ்திரியை அழைத்தாள். "மேஸ்திரி, பின்னால வழி அடைச்சுடுச்சு."

"மேட்டுல புகை இல்லம்மா. மேல ஏறிடறோம்."

"ஏறாதீங்க! நெருப்பு உங்களைவிட வேகமா ஏறும். இடது பக்கம் போங்க. அங்க எல்லாம் எரிஞ்சு கருகிக் கிடக்கு. இனிமே எரிய ஒண்ணுமில்ல."

"இடது பக்கம் நெருப்பு சுவர் மாதிரி நிக்குதும்மா!"

"ஒரு இடத்துல அறுந்திருக்கு. பெரிய பாறை தெரியுதுல்ல? அதை ஒட்டி முப்பதடி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடுங்க."

மேஸ்திரிக்குப் பதிலாகத் தம்பியின் குரல் வந்தது. "அக்கா, நிச்சயமா?"

அவள் பைனாகுலரை அழுத்திப் பிடித்தாள். இடைவெளி தெரிந்தது. புகை மூடியது. மறுபடி ஏதோ கறுப்பாகத் தெரிந்த மாதிரி இருந்தது.

"நிச்சயம். ஓடு."

அதன்பின் பள்ளம் முழுக்கப் புகை. வாக்கி டாக்கி வெறுமனே இரைந்தது. குன்றில் ஏறிய தீ பாறையின் விளிம்புக்கு வந்துவிட்டது. தெற்குக் கண்ணாடி சடாரென்று விரிசல் விட்டது. குடிதண்ணீரைத் துண்டில் கொட்டி முகத்தில் கட்டிக்கொண்டாள். காலுக்கடியில் இரும்பு சுட்டது. பதினொரு நிமிடம் ஒவ்வொருவரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். தம்பியை மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

கடைசியில் மேஸ்திரி இருமினார். "மேல்வீட்டம்மா... ரெண்டு தடவை எண்ணிட்டேன். ஒம்பது பேரும் இருக்கோம்."

அவள் முகத்துத் துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எரிக்க எதுவும் கிடைக்காமல் தீ பாறையைச் சுற்றிக்கொண்டு போனது.

சாயங்காலம் தம்பி கோபுரத்துக்கு வந்தான். புருவம் பொசுங்கி, இரண்டு கையிலும் கட்டு. வந்ததும் வராததுமாகக் கத்தினான். "ஜீப் நின்னுச்சுல்ல? ஏன் இறங்கல? செத்துப்போயிருந்தா?"

"கத்தாதடா, தொண்டை புண்ணாயிருக்கு" என்றாள்.

உத்தரவை மீறியதற்கு ரேஞ்சர் அவளுக்கு மெமோ கொடுத்தார். அதே கையால் கிழக்குக் கோபுரத்தைத் திறக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். அடுத்த கோடைக்குள் திறந்தார்கள்.

தம்பிக்கு அன்று சொன்ன பதில் மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. கைக்கட்டு அவிழ்த்த அன்று தம்பியிடம் சொல்லிவிட்டாள். "நிச்சயம்னு சொன்னேனே, பொய். பாதிதான் தெரிஞ்சுது."

அவன் தழும்பேறிய கையைத் திருப்பிப் பார்த்தான். "அப்படிச் சொல்லியிருந்தா யாருமே ஓடியிருக்க மாட்டோம்."

"அதனாலதான் சொல்லல."

அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு வாரம் அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள்.