மெஹராஜ் மன்னிப்புக் கேட்பதில்லை

சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் மெஹராஜின் பை ஒருவர் முழங்காலில் இடித்துவிட்டது. "இடிச்சிட்டு. பாத்தேன். வலிக்கா?" என்று கேட்டாள். அவர் எதிர்பார்த்த அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. முறைத்துக்கொண்டே அவர் போகும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

திமிர் பிடித்தவள் என்று தாராவியில் இப்போது பேச்சு. பக்கத்து வீட்டுப் பேராச்சியின் குடத்தைத் தட்டிவிட்டால் தானே தண்ணீர் பிடித்து நிரப்பி வைக்கிறாள். வாயை மட்டும் திறப்பதில்லை. "சாரி சொன்னா க்யா ஜாத்தா ஹை மம்மி, என்ன கொறஞ்சுபோவுது?" என்று மகள் பரீஹா கேட்டால், "ஒங்க வாப்பா மாட்டிக்கிட்டது அதுலதாம்ளா" என்பாள்.

வாப்பா மன்சூர் அலி, தோல் பை ஏற்றுமதி செய்பவர். டைரக்டர் என்று கார்டு அடித்தது அழகுக்காக. பட்டறையில் எந்தச் சண்டை வந்தாலும் நடுவில் புகுந்து, "எம்மேலதான் தப்பு, வுடுங்க" என்பார். அதோடு சண்டை முடியும். யார் தப்பு என்பதை அப்புறம் டீ குடிக்கும்போது பார்த்துக்கொள்வார்கள். எங்கள் சந்துகளில் அது பெரிய மனிதத்தனம்.

வெளிநாட்டில் சரக்கு வாங்கியவர் மோசடி என்று புகார் கொடுத்தார். சமாதானம் பேச அந்த நாட்டுக்கே போன மன்சூரை அங்கே போலீஸ் பிடித்துக்கொண்டது. கம்பெனி மேல் குற்றம் என்றால் டைரக்டர்தானே ஆள்? அங்கேயும் வழக்கம்போல அதையே சொன்னார். டீ வரவில்லை. அந்த ஊர் எழுத்தில் ஒரு காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"பிடிச்சதும் எங்க தூதரகத்துக்குச் சொல்லுங்கன்னு கேக்க அவருக்கு உரிமை இருக்கு," என்றாள் மாதுங்கா வக்கீல் கோகிலவாணி. "மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம். புரியாததுல கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லலாம். ஒண்ணையும் கேக்கலையே அவர்!"

"கேட்டா மரியாத இல்லன்னு நெனச்சிருப்பாக" என்றாள் மெஹராஜ்.

புரியாமல் போட்ட கையெழுத்து என்று விசாரணையில் சொல்லலாம், அந்த ஒரு வழி பாக்கி என்றாள் வக்கீல். ஆனால் சிறையிலிருந்து வாரம் ஒருமுறை வரும் வீடியோ காலையும் அந்த ஊர்ப் போலீஸ் ஒட்டுக்கேட்கிறது. அதில் மறுபடி தப்பை ஒத்துக்கொண்டால் அந்த வழியும் அடைபடும்.

முதல் வீடியோ காலைக் கெடுத்தவள் மெஹராஜ்தான். "நான்தானே அனுப்பி வச்சேன், மன்னிச்சுக்கிடுங்க" என்று அழுதாள். மன்சூர் விடுவாரா? "இல்ல புள்ள, தப்பு எம்மேலதான்" என்று போட்டிக்கு வந்துவிட்டார். கோகிலவாணி தலையில் அடித்துக்கொண்டாள். அன்று தொடங்கியது இந்த நாக்குப் பயிற்சி. "ரோட்டுல வராத வார்த்த போன்லயும் வராதுல்லா?" என்கிறாள் மெஹராஜ். திமிராவது ஒன்றாவது!

விசாரணைக்கு முந்தைய வீடியோ காலில் மன்சூர் பாதியாக இளைத்திருந்தார். பட்டறை, மகளின் காலேஜ் என்று மெஹராஜ் மூச்சுவிடாமல் பேசினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஹராஜ், ஒன்னயத் தனியா வுட்டுட்டு நான்..."

ஊருக்கெல்லாம் சும்மா சொல்லித் திரிந்ததை இன்று அவளுக்கென்றே மனசாரச் சொல்லப் போகிறார். கேட்க அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

கையை நீட்டி, திரையில் அவர் வாயைப் பொத்தினாள்.