அப்பாவின் கோப்பையில் இளகிய தேநீர்

பாரிசவாதம் வந்து ஒரு பக்கக் கைகால் விழுந்து, ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு, அப்பா கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். கை, காலைவிடத் தொண்டைதான் பெரிய தொல்லையாக இருந்தது. குழைத்த சோறு இறங்கியது, தண்ணீர் இறங்கவில்லை. ஒரு மிடறு குடித்தாலும் புரையேறி, இருமி இருமி முகம் கறுத்துவிடும்.

கண்டி ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் யாழ்ப்பாணத்துக்காரர்.

"தண்ணியாய் ஒண்டும் குடுக்காதேங்கோ. தேன்பாணிப் பதத்துக்குக் கெட்டியாக்கிக் குடுங்கோ" என்றார்.

முதலில் கடையில் விற்கும் கடற்பாசியைத் தேநீரில் போட்டுக் காய்ச்சினேன். கண்ணாடி போல அழகாக உறைந்தது. ஆனால் அப்பாவின் வாயில் அது துண்டு துண்டாக உடைந்தது. வெட்டிய இடத்தில் நீர் கசிந்தது. கடற்பாசியின் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, கற்றையாகச் சேர்ந்து விறைப்பான வலையாகின்றன. அந்த வலை வளையாது, உடையும். அந்தப் பெண்ணும் வேண்டாமென்றார். சோள மா போட்டுக் காய்ச்சச் சொன்னார்.

சோள மா வேறு விதம். கொதிநீரில் மணிகள் நீரை உறிஞ்சி ஊதி வெடிக்கும். உள்ளேயிருந்து வெளிவரும் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி நீரைப் பிடித்துவைக்கும். தேநீர் வழுவழுவென்று கெட்டியாக வந்தது. அப்பா கரண்டி கரண்டியாகக் குடித்தார். பாதிக் கோப்பைவரை நன்றாகப் போனது. அதற்குப்பின் பழைய இருமல். எட்டிப் பார்த்தால், கோப்பைக்குள் வெறும் தண்ணீர்த் தேநீர்.

மூன்று நாளாக இதே கதை. மாவைக் கூட்டினேன்.

"இது தேத்தண்ணியா, நோட்டீஸ் ஒட்டுற பசையா?" என்றார் அப்பா, குழறலாக.

அன்றும் பாதியில் இளகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. "நான் அந்தப் பக்கம் போனதும் பச்சத்தண்ணி கலக்கிறீங்களாப்பா? மூச்சு அடைச்சா யாரு பாக்கிறது?"

"நா ஒண்ணும் கலக்கல" என்றார். நான் நம்பவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரே சட்டியிலிருந்து இரண்டு கோப்பைகளில் ஊற்றினேன். ஒன்றை மேசையில் விட்டேன். மற்றதை அவரோடு உட்கார்ந்து நானே ஊட்டினேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் யாரும் போகவில்லை. ஆனாலும் அவர் கோப்பை இளகியது. மேசையில் இருந்தது அப்படியே நின்றது.

அப்போதுதான் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தேன். அது வாய்க்கும் கோப்பைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. எச்சிலிலுள்ள நொதியம் மாப்பொருள் சங்கிலிகளை வெட்டும். பதினான்கு வருஷமாக அயடீன் சொட்டு விட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டும் பரிசோதனை அது. நான் விஞ்ஞான ஆசிரியை. வெட்கமாக இருந்தது.

"நீங்க கலக்கலப்பா. உங்க எச்சில்தான் கரைச்சிருக்கு. தெரியாம ஏசிட்டேன்."

"நாந்தான் சொன்னேனே" என்றார். கொஞ்சம் கழித்து, "சரி, மிச்சத்த ஊத்து" என்றார்.

அன்றுமுதல் சிறு கிண்ணத்தில் இரண்டு மிடறு மட்டும் ஊற்றுவேன். அது முடிந்ததும் வேறு கிண்ணம், வேறு கரண்டி. கழுவும் வேலை கூடியது. இருமல் நின்றது. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது விஷயத்தைச் சொன்னேன்.

"ஓம், அதை நான் முதலே சொல்லியிருக்கோணும்" என்றார் அந்தப் பெண்.

இரண்டு மாதத்தின்பின் அவர் அரைக் கரண்டி வெறும் தண்ணீரை அப்பாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாங்கள் இருவரும் அப்பாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது. இருமவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், மத்தியானத்துக்கு ரசம் வைக்கச் சொன்னார் அப்பா.