பதினொரு ஆள் வேனும் இருபத்தொரு தட்டும்

வேன் ஓட்டுகிறவனுக்கு ரோடு ஒரு பிரச்சினையே இல்லை. கதவைச் சாத்துவதுதான் பிரச்சினை. நீங்களும் வேன் ஓட்டியவர் என்றால் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

தொண்ணூறுகளில் டுரியான் துங்கால் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஃபேக்டரிப் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். பெர்மிட்டில் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அதிகம் ஏற்றியதற்குப் போலீஸிடம் இரண்டு அபராதச் சம்மன் வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் பெர்மிட்டே போய்விடும். எனக்கோ வேறு பிழைப்பு தெரியாது. தினமும் பயந்து செத்தேன்.

ஒல்லிக் கணக்கு

ஒருநாள் காலை பத்துப் பெண்களும் ஏறி உட்கார்ந்த பிறகு செல்வி ஓடி வந்தாள். "எடமில்லம்மா" என்றேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றரை சீட்டை அடைத்துக்கொண்டு ராஜம்மாக்கா உட்கார்ந்திருந்தார். பெர்மிட் தலையை எண்ணுகிறது, சீட்டு உடம்பை எண்ணுகிறது. எது சரி என்று எனக்கே குழப்பம். செல்வி விடவில்லை.

"ராஜம்மாக்கா ஒரு ஆளுன்னா நான் அரை ஆளுதானே அண்ணே? அரை ஆளுக்கு எவன்லா சம்மன் கொடுப்பான்?"

டீச்சர் போட்ட கணக்கு

எங்கள் பக்கத்து வீட்டுச் சாரதா அக்காவின் மகனுக்கு நிச்சயம். பெண் வீடு கோலா சுங்கை பாருவில். இருபத்தொரு சீர்த்தட்டு கொண்டுவருவதாக அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். வேனில் எத்தனை பேர் போகலாம் என்று கேட்டார். எனக்குத் தலை சுற்றியது. என் வேனில் பள்ளிக்குப் போகும் கணக்கு டீச்சர் கமலாவிடம் காகிதத்தை நீட்டினேன்.

டீச்சர் ஆளுக்கும் தட்டுக்கும் எழுத்து வைத்து எழுதினார்: ஒரு சீட்டில் ஒரு ஆள், அல்லது மூன்று தட்டு. தட்டை மூன்றால் வகுத்து ஆளோடு கூட்டினால் பத்தைத் தாண்டக் கூடாது. இதற்குச் சமனிலி என்று பெயராம். கணக்கென்றால் ஒரே விடைதானே வரும்? இதில் கொத்துக் கொத்தாக வந்தது. இருபத்தொரு தட்டு என்றால் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்றார் அக்கா. நான்கு பேர் என்றால் பதினெட்டுத் தட்டு. அது இரட்டைப்படை, ஆகாது. மடியில் வைக்கலாமே என்றேன். பட்டுச்சேலை பாழாகும் என்றார். கடைசியில் நான்கு பேர், பதினேழு தட்டு என்று முடிந்தது. அக்காவுக்கு மனசே இல்லை. டீச்சரையே போய்க் கேட்டார்.

"ஏன் டீச்சர், ஆளுக்கு ஒரு எழுத்து, தட்டுக்கு ஒரு எழுத்து வெச்சீங்க. சகுனத்துக்கு ஒண்ணு வெக்கக் கூடாதா?"

எதிர்ச்சீர்

அக்கா, அவர் கணவர், மகள், தாய்மாமன் ஆகிய நால்வரோடும் பதினேழு தட்டோடும் கிளம்பினேன். வழியில் ரோட் பிளாக். போலீஸ்காரர் இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். டீச்சரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நிச்சயம் நல்லபடி முடிந்தது. கிளம்பும்போது பெண் வீட்டார் எதிர்ச்சீரைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டாரைவிட இரண்டு தட்டு கூட வைப்பது அவர்கள் வழக்கம். இருபத்தொன்று வரும் என்று நம்பி இருபத்துமூன்று தயார் செய்திருந்தார்கள்! எட்டு சீட்டு போயிற்று. மிச்சம் இரண்டே ஆள். வைத்த தட்டைக் குறைக்க மாட்டோம் என்றார்கள். இன்னொரு நடை வரலாமென்றால் மாலை ஷிப்ட் பெண்கள் காத்திருப்பார்கள். எல்லாரையும் அமுக்கி ஏற்றினால், சீட்டில்லாமல் ஆள் உட்கார்ந்தாலும் அதிகம் ஏற்றியதாகத்தான் கணக்கு; அதே ரோட் பிளாக், மூன்றாவது சம்மன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்த தாய்மாமன், தன் மச்சானான அக்காவின் கணவரைக் கையோடு இழுத்துக்கொண்டு இறங்கி, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். நாலடி போனதும் திரும்பினார்.

"மனுசனா பொறந்ததுக்கு மூணு தட்டா பொறந்திருந்தா, எனக்கும் ஒரு சீட்டு கெடச்சிருக்கும்லா!"

பெர்மிட் பிழைத்தது, போகும்போது சரியாக இருந்த கணக்கு வரும்போது ஏன் இரண்டு பேரை நடுரோட்டில் இறக்கியது என்று கேட்டால் மட்டும் இன்றைக்கும் முழிக்கிறேன்.