பாவாயி சொன்ன ஆமாங்க

பாவாயிக்குக் காது போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் அவள் வாழ்ந்த சிற்றூரில் அது அவளையும் அவள் புருசன் கருப்பண்ணனையும் தவிர யாருக்கும் தெரியாது.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்த மலையில் முறைக்காய்ச்சல் நுழையாத வீடு கிடையாது. அவளை அது இருபது நாள் படுக்கையில் போட்டது. எழுந்து வாசலுக்கு வந்தவள், சேவல் கழுத்தை நீட்டி வாயைத் திறப்பதைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. அன்று முழுக்க அழுதாள். மறுநாளிலிருந்து மறைக்க ஆரம்பித்தாள்.

அவள் பிறந்த ஊரில் காது கேளாத ஒருத்தி இருந்தாள். அவளுக்கு என்ன பேர் என்பதே யாருக்கும் நினைவில் இல்லை, செவிடி என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் கைதட்டிவிட்டு, அவள் திரும்பாததைப் பார்த்துச் சிரிப்பார்கள். கைதட்டியவர்களில் பாவாயியும் ஒருத்தி. அந்த முதுகு இப்போது தன்னுடையது என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

ஆகவே, யாரைக் கண்டாலும் தானே முந்திக்கொண்டு பேசினாள். எதிராளியின் வாயசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். புரியாவிட்டால் சிரித்துக்கொண்டே “ஆமாங்க” என்பாள். பத்துக்கு ஒன்பது தடவை அது பொருந்திவிடும். வழியில் பின்னாலிருந்து கூப்பிட்டவர்கள், காய்ச்சலுக்கு அப்புறம் பாவாயிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். தலைக்கனம் என்ற பேர் அவளுக்குச் சம்மதமாகவே இருந்தது.

கருப்பண்ணன் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் சேந்தமங்கலத்துக்கு இறங்கினால் திரும்ப இரண்டு நாளாகும். அவள் தனியாக இருப்பதை எண்ணி, ஒரு தடவை திரும்பும்போது கூடையில் ஒரு செவலை நாய்க்குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தான். அவள் எதிரே உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“யாராச்சும் வந்தா, கூப்பிட்டா, இது உன்னையத் தொட்டுச் சொல்லட்டும் புள்ள. அப்புடிப் பழக்கிக்க.”

அவள் யாருக்கும் தெரியாமல் சாமைக்கொல்லையில் வைத்துப் பழக்கினாள். குட்டி மூக்கால் அவள் காலைத் தொட்டால் ஒரு உருண்டைக் களி. இரண்டே நாளில் அது கெட்டிக்காரக் குட்டியாகிவிட்டது. களி வேண்டும்போதெல்லாம் வந்து தொட்டது. அவள் அரிவாளைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறிப் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள். சில சமயம் காக்காய்கூட இருக்காது. பதினைந்து நாள் இப்படி ஏய்த்த பிறகு அவளுக்கு ஆத்திரம் வந்தது. தொட்டால் விளாரால் ஒரு அடி வைத்தாள். குட்டி குழம்பிப்போனது. வாலை ஆட்டிக்கொண்டே பின்வாங்கும், மறுபடி வந்து சேலையைக் கவ்வும், மறுபடி அடி வாங்கும்.

கொல்லைக்குக் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் பொன்னாயியின் வீடு. ஆடி மாதத்தில் பொன்னாயியின் மாடு ஓடை தாண்டி வந்து இளஞ்சாமையை மேய்ந்துவிட்டுப் போனதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. பேச ஒரு ஆள் குறைந்தது பாவாயிக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கருப்பண்ணன் மலையிறங்கிப் போயிருந்தான். விடிந்து கொஞ்ச நேரத்தில் குட்டி ஓடிவந்து அவள் சேலையைக் கவ்வி இழுத்தது. விரட்டினாள். ஓடைப் பக்கம் ஓடிப்போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்தது. மூன்றாம் தடவை சேலை கிழிந்தது. அவளிடம் இருந்ததே இரண்டு சேலை. குட்டியைக் கழுத்தோடு தூக்கிப்போய், கற்றாழை நாரால் ஒரு அடிமரத்தில் கட்டிப்போட்டாள். அதன் வாய் விடாமல் திறந்து திறந்து மூடியது. அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அறுத்தாள்.

உச்சிப் பொழுதில் பொன்னாயியின் புருசன் குப்புசாமி ஓடைப் பக்கமிருந்து மேடேறி வந்தான். மூச்சு வாங்கியது, முகம் கறுத்திருந்தது. என்னவோ கேட்டான். அவன் வாயில் வெற்றிலை இருந்தது, தாடி வேறு. அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மறுபடியும் கேட்டான். மாட்டைத் தேடி வந்திருப்பான் என்று நினைத்து அவள் தலையாட்டினாள்.

“ஆமாங்க.”

குப்புசாமி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். கட்டிக் கிடந்த குட்டியைப் பார்த்தான். பிறகு எச்சிலைத் துப்பிவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் கருப்பண்ணன் வந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. ஊருக்குள் கேட்டதை அவன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். தண்ணீருக்கு வந்த பொன்னாயி ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு முறிந்து, காலையிலிருந்து உச்சி வரைக்கும் பாவாயியின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

“குப்புசாமி உன்கிட்ட வந்து, ‘அவ கத்துனது கேட்டும் சும்மாவா இருந்தே’ன்னு கேட்டானாமா. நீ ஆமாங்கன்னியாமா.”

பாவாயி திரும்பிக் குட்டியைப் பார்த்தாள்.

“நான் போய்ச் சொல்லிப்போடறேன் புள்ள. காதுதான் காரணம்னு.”

“வேண்டாங்க.”

“மாடு மேஞ்சதுக்குப் பழி வாங்கிட்டான்னு ஊரே பேசுது.”

“பேசட்டுங்க. அத மட்டும் சொல்லாதீங்க.”

பதினோரு நாள் அப்படியே கழிந்தது. கல்நெஞ்சக்காரி என்றார்கள். எதிரே வந்த பெண்கள் வழியை மாற்றிக்கொண்டு போனார்கள். உதட்டைப் படிக்கத் தெரிந்ததால், அவள் காதில் விழாது என்று நினைத்து அவர்கள் தூரத்தில் பேசிக்கொண்டதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. செவிடி என்பதைவிட இது தேவலை என்றுதான் முதல் இரண்டு நாள் நினைத்தாள். பிறகு அப்படி நினைத்ததே வெட்கமாக இருந்தது. ஒருத்தி எலும்பு முறிந்து கிடந்திருக்கிறாள். தனக்கோ தன் பேர்தான் பெரிதாக இருந்திருக்கிறது. சோறு இறங்கவில்லை. குட்டி கிட்டே வந்தால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஓடையைத் தாண்டிப் போனாள். குட்டியும் கூடவே வந்தது. பொன்னாயி தொடையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கட்டிலில் கிடந்தாள். பாவாயியைக் கண்டதும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தாடை அசைந்தது. என்னவோ பேசுகிறாள். பேசுவது தெரிந்தது, என்ன பேசுகிறாள் என்பது தெரியவில்லை.

பாவாயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு வருடமாகத் தொண்டையிலேயே நின்றுபோனதை வெளியே தள்ளினாள்.

“அக்கா, இந்தப் பக்கம் திரும்புங்க. உங்க வாயப் பாத்தாத்தானுங்க எனக்குத் தெரியும். எனக்குக் காது கேக்காதுங்க.”

பொன்னாயி திரும்ப வெகுநேரம் ஆனது.

“எத்தன வருசமா?”

“காச்சல் வந்ததுல இருந்துங்க.”

“மாடு மேஞ்சன்னிக்கு ஓடைக்கரையில நின்னு உன்னையக் கண்டபடி வஞ்சேனே.”

“எதுவுமே கேக்கலீங்க.”

பொன்னாயியின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று பாவாயிக்குப் பிடிபடவில்லை.

“நாய் கொலச்சது எனக்குக் கேட்டுதுடி. மொதல்ல இங்கயும் அங்கயுமா ஓடி ஓடிக் கொலச்சுது. அப்பறம் ஒரே எடத்துல நின்னு கொலச்சுது. பாவி, கட்டிப்போட்டுட்டாளேன்னு நெனச்சேன். கால் வலியக் காட்டிலும் அதுதான் எனக்கு வலிச்சுது.”

பாவாயி கட்டிலோரம் உட்கார்ந்தாள். நாய்க்குட்டியைப் பழக்கிய கதையை, களி கொடுத்தது, அடித்தது, எல்லாவற்றையும் தலைகுனிந்து சொன்னாள். சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது பொன்னாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் எப்ப வருதுன்னே உனக்குத் தெரியாது. அது எப்ப நெசமாத் தொடுது, எப்ப களிக்குத் தொடுதுன்னு நீ எப்புடி கண்டுபிடிப்ப? ஒத்தையில ஆகற வேலையா இது? கேக்கற ஆள் ஒண்ணு வேண்டாமா?”

அவள் கோபம் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் படுத்தே கிடக்கிறவளுக்குப் பொழுது போகவில்லை. மறுநாளும் வரச் சொன்னாள். பாவாயி வாசலில் முதுகைக் காட்டி உட்காருவாள். கட்டிலிலிருந்து பொன்னாயி கையைத் தூக்கிக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிடுவாள். குட்டி தொட்டதும் பாவாயி திரும்பிப் பார்ப்பாள். பொன்னாயி கையைத் தூக்கியிருந்தால் குட்டிக்குக் களி, தூக்காவிட்டால் ஒன்றுமில்லை. அடி கிடையவே கிடையாது. முதல் நாளெல்லாம் குட்டி பயந்து பயந்துதான் கிட்டே வந்தது. பொன்னாயி எழுந்து உட்காருவதற்குள் அது பத்துக்கு எட்டு தடவை சரியாகத் தொட்டது.

ஊருக்கும் தெரிந்துபோனது. குப்புசாமி ஒரு நாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, அவளுக்கு நேராக நின்று, “அன்னிக்கு நான் கேட்டது உனக்கு வெளங்கலையாக்கும்” என்றான். செவிடி என்று சொன்னவர்களும் உண்டு. சோளக்காட்டுச் சந்தையில் கருப்பண்ணன் ஒரு வியாபாரியிடம், “அவ மொகத்தப் பாத்துப் பேசுங்க, காது கேக்காது” என்று சொன்னபோது அவளுக்குக் காதுமடல் வரைக்கும் சுட்டது. மறுத்துப் பேசவில்லை.

பொன்னாயியின் கால் கூடியது, ஆனால் இரண்டு விரற்கடை குட்டையாகக் கூடியது. அதற்கப்புறம் அவள் கோல் ஊன்றித்தான் நடந்தாள். அவள் ஓடை தாண்டி விந்தி விந்தி வரும்போதெல்லாம் பாவாயிக்குத் தலை கவிழ்ந்துகொள்ளத் தோன்றும். முடியாது. அவள் சொல்வது தெரிய வேண்டுமானால் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பார்த்துக்கொண்டே நிற்பாள்.