இருபத்து மூன்றாம் பக்கம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருக்கிறது செம்போத்துப் பதிப்பகம். சிறுவர்களுக்கும் இளையவர்களுக்கும் மட்டும் புத்தகம் போடுகிறவர்கள். கீழே கண்டக்டர்கள் “தேனி, தேனி, தேனி” என்று தொண்டை கிழியக் கூவ, மேலே பெர்சி பத்தொன்பது வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறாள். எவர் எழுதிய கதையானாலும் அவள் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போக வேண்டும்.

கையைத் தாண்டினால் மட்டும் போதாது. தண்ணீரையும் தாண்ட வேண்டும்.

அது முதலாளி ஜெரால்ட் வைத்த விதி. அவர் முன்னாளில் மிஷன் பள்ளிக் கணக்கு வாத்தியார். பாடம் சலித்துவிட்டால் பிள்ளைகளுக்கு உடனே தாகம் வந்துவிடும் என்பது அவர் கண்டறிந்த உண்மை. “டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்று எழுந்து போகிற பிள்ளை, மணி அடிக்கிறவரை குழாயடியிலேயே நிற்கும். ஆகவே எந்தக் கையெழுத்துப் பிரதியும் முதலில் ஒரு வகுப்பறைக்குப் போகும். எழுதியவர் பெயர் இருக்காது. இரண்டு பாடவேளை வாசிப்பார்கள். ஐந்து பேருக்கு மேல் தண்ணீருக்கு எழுந்தால் கதை அவுட்டு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எழுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டிக்கும் பக்க எண்ணும் போடுவது பெர்சியின் வேலை.

இதில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி உண்டு. பெயரில்லாத அந்தப் பிரதிகளுக்கு நடுவே பெர்சி தன் கதையையும் இரண்டு முறை செருகியிருக்கிறாள். முதல் கதைக்குப் பதினான்கு பேர் எழுந்து போனார்கள். இரண்டாவதற்கு ஒன்பது. இரண்டு தடவையும் அவள் கையாலேயே டிக் போட்டாள். மூன்றாவதும் போனால் இனிப் பேனாவை எடுப்பது அடுத்தவர் பிழையைத் திருத்த மட்டும்தான் என்று முடிவு கட்டியிருந்தாள்.

அந்த மூன்றாவது கதை பங்குனி வெயிலில் பள்ளிக்குப் போனது. பதிப்பகத்தின் புதுப் புத்தகப் பட்டியலான ‘வசந்தச் செய்தி’ சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போயாக வேண்டும். ஏழு புத்தகங்கள் முடிவாகிவிட்டன. எட்டாவது இடம் காலியாக இருந்தது. தேர்வு தொடங்கிவிட்டால் ஜூன் வரைக்கும் வகுப்பறையே கிடைக்காது.

வில்லாபுரத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. நாற்பத்தொரு பிள்ளைகள். தெரசா டீச்சர் நல்ல கணீர்க் குரலில் வாசித்தார். டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரைக்குத் தனியாகச் சைக்கிள் மிதித்து வருகிற பதினான்கு வயதுப் பெண்ணின் கதை. முதல் பாடவேளை முடிந்தது. ஒரு டிக் கூட இல்லை.

இரண்டாவது பாடவேளையில், கதைப் பெண் திருமங்கலம் தாண்டினாள். உச்சி வெயில். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள், காலி. சோளத்தட்டை காய்ந்து கிடக்கிற காட்டோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

முன் பெஞ்சில் ஆர்த்திகா என்ற சிறுமி எழுந்தாள். “டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வாரேன்.”

பெர்சி டிக் போட்டாள்.

“டீச்சர், நானும்.” “டீச்சர், எனக்கும்.” “ஏய், நகருடி, நான் மொதல்ல கேட்டேன்!” பெஞ்சுகள் கிரீச்சிட்டன. ஐந்து தாண்டியது. பத்து தாண்டியது. பெர்சிக்குக் கண் மங்கியது. கை மட்டும் பழகிய பழக்கத்தில் டிக் போட்டுக்கொண்டே இருந்தது. இருபத்தேழு. பதிப்பகத்தின் சரித்திரத்தில் இம்புட்டுக் கேவலமாக ஒரு கதையும் விழுந்ததில்லை.

போனவர்கள் மூன்றே நிமிஷத்தில் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்ததையும், ஆர்த்திகா சட்டையெல்லாம் நனைந்து நின்று “வாசிச்சிட்டீகளா டீச்சர்? அந்தக்கா என்னானாங்க?” என்று சண்டைக்குப் போனதையும் அவள் கண் பார்த்தது. மனம் பார்க்கவில்லை. கணக்கு கணக்குதான்.

பஸ்ஸில் திரும்பும்போது இருபத்தேழை இரண்டாக்கிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. தெற்குவாசல் வருவதற்குள் அதைத் துரத்திவிட்டாள். இத்தனை பேர் கதையை இந்த டிக் தாளை வைத்துத்தானே நிறுத்தியிருக்கிறாள்.

அலுவலகத்தில் தாளை நீட்டினாள். “விழுந்துருச்சு சார்.”

“இருபத்தேழா!” ஜெரால்ட் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

புத்தகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மருது தலையைத் தூக்கினார். “கதை எழுதுனாகளா, கருவாட்டுக் கொழம்பு வச்சாகளா? அம்புட்டுப் பேருக்கா தாகம்?”

பெர்சி சிரிக்கவில்லை. ஜெரால்டும் சிரிக்கவில்லை. அவர் விரல் தாளின் மேல் இறங்கிக்கொண்டே போனது. “பெர்சி, இதென்னம்மா? எல்லா டிக்கும் இருபத்து மூணாம் பக்கம்னு இருக்கு. அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.”

“ஆமா சார்.”

“அந்தப் பக்கத்த எடு.”

அவரே சத்தமாக வாசித்தார். காலி பாட்டில், தார் ரோடு, தொலைவில் தண்ணீர் போல மினுங்கி ஏமாற்றும் கானல், உதட்டை நக்கினால் உப்பு. பாதிப் பக்கத்தில் அவர் குரல் கம்மியது. கண்ணைத் தாளைவிட்டு எடுக்காமலே கையால் மேஜையைத் துழாவி, பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார். மருது எப்போதோ எழுந்து பானையடிக்குப் போயிருந்தார்.

“நிப்பாட்டிட்டீகளே சார்,” என்றார் மருது, சொம்பும் கையுமாக. “அந்தப் புள்ளைக்குத் தண்ணி கெடச்சுச்சா, இல்லையா?”

ஜெரால்ட் சொம்பைப் பார்த்தார், தன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். “போன பிள்ளைக திரும்பி வந்துச்சா, பெர்சி?”

“ஓடி வந்துச்சுக சார். எல்லாமே.”

“முப்பது வருஷமா பிள்ளைகளப் பாக்குறேன். தண்ணி குடிக்கப் போனது ஓடி வந்து நான் பாத்ததில்ல. எட்டாவது புத்தகம் இதுதான். யாரு எழுதுனது?”

கீழே திண்டுக்கல் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. அது ஓயட்டும் என்று பெர்சி காத்திருந்தாள். ஓய்ந்ததும், “நான்தான் சார்,” என்றாள்.

ஜெரால்ட் கண்ணாடியைக் கழற்றினார். மருது முந்திக்கொண்டார். “அடியாத்தீ! பக்கத்துலயே இருந்துக்கிட்டு எம்புட்டு அமுக்கமா இருந்திருக்கு பாருங்க!”

வசந்தச் செய்தியை எழுதுவதும் பெர்சிதான். இருநூறு எழுத்தாளர்களுக்காவது இரண்டிரண்டு வரி அறிமுகம் எழுதியிருப்பாள். தனக்கு எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. நான்கு தாளைக் கசக்கியாயிற்று. கடைசியில் மருது சொல்லச் சொல்ல ஜெரால்ட் எழுதிக் கொடுத்தார். பெர்சி அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அச்சாகி வந்ததும் முதல் தாளை வில்லாபுரத்துக்குத் தானே எடுத்துக்கொண்டு போனாள். ஆர்த்திகா எட்டாவது புத்தகத்துக்கு விரலை வைத்து உரக்க வாசித்தாள்:

“எழுதியவர்: பெர்சி. எங்கள் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். இருபத்து மூன்றாம் பக்கத்துக்குப் போகுமுன் ஒரு சொம்பு தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும்.”