அப்பாவும் அத்தையும் கப்பலேறிய நாள்

அப்பா மறைந்து இந்தச் சித்திரையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அப்பாவின் ஜீப்பில் ஒரு முறையாவது ஏறியவர்கள். அதனால் நீங்கள் அறிந்தவற்றைச் சுருக்கமாகவும், அறியாத ஒன்றைச் சற்று விரிவாகவும் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சிலமலையில். உடன்பிறந்தவர் அத்தை ஒருவரே. ஐந்து வயது மூத்தவர். அப்பாவுக்கு ஒன்பது வயதானபோது தாத்தா காலமானார். அதன்பின் பாட்டி காட்டு வேலைக்குப் போய்விட, அப்பாவைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அத்தைதான். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. போடியில் ஒரு பட்டறையில் தொழில் பழகி, உரிமம் எடுத்து, ஜீப்பில் உட்கார்ந்தார். முப்பத்தொரு ஆண்டுகள் விடியுமுன் போடியிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, மெட்டு மலைப்பாதை வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது அவர்களை இறக்கிக் கொண்டுவந்து விட்டார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தது அந்த ஜீப்தான். அண்ணன் ஆசிரியர். நான் கோவையில் ஒரு தொழிற்சாலையில் பம்புகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன்.

அப்பாவின் குணங்கள் என்று அம்மா எனக்கு ஒரு பட்டியல் சொன்னார். மழை நாளில் தார்ப்பாயை முதலில் பெண்கள் பக்கம் கட்டுவார். வண்டியில் ஏறிய பிறகு யாரையும் இறக்கிவிட மாட்டார். கோபம் வந்தால் கத்தமாட்டார்; பேசுவதை நிறுத்திவிடுவார். கடைசியாகச் சொன்னது குணமா குறையா என்று அம்மாவுக்கே தெரியவில்லை. தெரிந்ததை எழுதுவது என் வேலை என்பதால் எழுதுகிறேன்: அந்தக் குணத்தால் அப்பாவும் அத்தையும் இரண்டு தெரு இடைவெளியில் வாழ்ந்துகொண்டு ஒன்பது ஆண்டுகள் பேசவில்லை.

காரணம் உறவினர் எல்லோருக்கும் தெரியும். அத்தை மகளின் பூப்புச் சடங்கு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண்ணை மனையில் உட்கார வைப்பார்கள். அன்று மாற்று ஓட்டுநர் கிடைக்காததால், மதியத்தோடு இறங்கிவிடுவேன் என்று சொல்லி அப்பா மலையேறினார். மதியம் மழை பிடித்தது. மற்ற ஜீப்புகள் எல்லாம் இறங்கிவிட்டன. அப்பாவின் ஜீப் மட்டும் மண் சரிவுக்கு மேலே மாட்டிக்கொண்டது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று வேறொரு மாமா முறையுள்ளவரை நிறுத்தி மாலை போடச் செய்தார்கள். அப்பா ஈரச் சட்டையோடு வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சீர்த்தட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். “ஊர்ச் சோலி பெரிசாப் போச்சு, அக்கா மக சடங்கு பெரிசில்ல” என்று அத்தை தெருவில் நின்று சொன்னது எங்கள் வீடு வரை கேட்டது.

மறைவதற்கு முந்தைய கார்த்திகையில் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மதுரையில் பரிசோதித்த மருத்துவர் இதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொன்னார். பம்புகளோடு வேலை செய்கிறவளுக்கு அந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. மாதங்கள்தாம் இருக்கின்றன என்பதை அண்ணனிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு என்ன ஆசை என்று மட்டும் கேட்டேன்.

“திருப்பமே இல்லாத ரோட்டுல ஒரு தடவ போகணும் பாப்பா. பதினேழு கொண்டை ஊசி வளைவத் திருப்பித் திருப்பித் தோளு கழண்டு போச்சு. ஓட்டுறது எவனாச்சும் ஓட்டட்டும். நான் சும்மா உக்காந்து வர்றேன்.”

அப்படி ஒரு வழி கடலில்தான் இருக்கிறது. கொச்சியில் புறப்பட்டு நான்கு நாளில் திரும்பும் பெரிய கப்பல் ஒன்றில் எங்கள் வீட்டார் ஆறு பேருக்கு இடம் பதிந்தேன். பிறகு அத்தை வீட்டார் நான்கு பேருக்கும் பதிந்தேன். யார் யார் வருகிறார்கள் என்பதை அப்பாவிடமும் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை. மாமாவும் அத்தை மகளும் மட்டும் அறிவார்கள். இது நான் சொன்ன பொய். வேறு பெயர் சொல்லி இதை மூட விரும்பவில்லை.

எடுத்துப் போக வேண்டியவை, மாத்திரைகள், அடையாள அட்டைகள் என நாற்பது வரிகளில் பட்டியல் வைத்திருந்தேன். மருத்துவர் சொன்னது முதல் வரி: படி ஏறக் கூடாது.

தை மாதம். துறைமுகத்தில் எங்கள் வேனுக்குப் பின்னால் இன்னொரு வேன் வந்து நின்றது. அத்தை இறங்கினார். அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இவனும் வர்றானாக்கும்? பெட்டிய ஏத்துங்க. நான் பஸ்சைப் பிடிச்சுப் போறேன்.”

மாமா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். “கப்பலுக்குப் போறோம்னு போடி பூராச் சொல்லிட்டு வந்திருக்க. இப்பத் திரும்பிப் போனா நாளைக்கே மார்க்கெட்ல வச்சுச் சிரிப்பாக. பேசாம ஏறு.”

“பேசாமத்தான் ஏறுவேன். அவன்கிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேன்.”

அப்பா என் பக்கம் திரும்பி, “நீ படிச்ச படிப்புக்கு இதுதானா? களவாணித்தனம்” என்றார். வரிசையில் போய் நின்றார். அண்ணனின் ஆறு வயது மகள் இரண்டு பக்கமும் தூது நடந்தாள். “ஒந்தாத்தன மாத்திரை போடச் சொல்லு” என்று அத்தை சொல்லி அனுப்புவார். “போட்டாச்சுன்னு சொல்லு” என்று அப்பா திருப்பி அனுப்புவார். நான்கு நாட்களும் இப்படியே போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

கப்பல் புறப்படுமுன் பயணிகள் அனைவரும் ஓரிடத்தில் கூடும் ஒத்திகை ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று பழக்குவதற்கு. சங்கு ஊதியது. லிஃப்டுகள் நின்றன. எங்களுக்குக் குறித்த கூடத்தில் வரிசையாக நின்றோம். மலையாளம் பேசிய ஊழியப் பெண் ஒருவர் கையிலிருந்த கருவியில் ஒவ்வொரு அட்டையாகப் பதிந்துகொண்டு வந்தார். எங்கள் வீட்டார் பத்துப் பேரும் வந்துவிட்டதாகக் கருவி காட்டியது.

அப்பா வரிசையைவிட்டு வெளியே வந்தார். முப்பத்தொரு ஆண்டுகளாக வண்டியைக் கிளப்புமுன் செய்த காரியத்தையே செய்தார். விரல் நீட்டாமல், கண்ணால் தலைகளை எண்ணினார்.

“ஓராளு கொறவாணு, மோளே” என்றார் அந்தப் பெண்ணிடம். ஓர் ஆள் குறைகிறது என்று, தோட்டத்தில் பழகிய மலையாளத்தில்.

அந்தப் பெண் சிரித்தபடி கருவியைக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். “பத்தும் வந்தாச்சுப்பா. மெஷின்ல இருக்கு.”

“மெஷின்ல இருந்தா ஆச்சா? எங்கண்ணுல இல்லையே.”

அத்தை இல்லை. அப்பாவோடு ஒரே வரிசையில் நிற்கப் பிடிக்காமல், கப்பலின் மறுபக்கக் கூடத்துக்குப் போய் அங்கே அட்டையைப் பதிந்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் அந்த ஊழியரிடம் விவரம் கேட்கத் திரும்பிய நேரத்தில் அப்பா கூட்டத்துக்கு எதிராக நடந்து போய்விட்டார். அத்தை அறையில் இருப்பார் என்று நினைத்திருக்கிறார். அத்தையின் அறை மூன்று தளம் மேலே. படிகள்தான் வழி.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அப்பா மூன்றாம் தளத்துக்குப் பாதியில் படியில் உட்கார்ந்திருந்தார். உயிர்காப்புச் சட்டையின் பட்டை கழுத்தில் கிடந்தது. உதடு வெளுத்திருந்தது. நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கப்பல் மருத்துவரை அழைக்கச் சொன்னேன். அதற்குள், மறுபக்கத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அத்தை, அறைக்குப் போக அதே படியில் ஏறி வந்தார்.

அப்பா அவரைப் பார்த்ததும், மூச்சுக்கு நடுவே, “எங்கக்கா போன? ஒரு தலை கொறையுதுல்ல?” என்றார்.

அத்தை அங்கேயே, படியில், அப்பாவுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். “எனக்காகவாடா ஏறி வந்த? ஒனக்கு என்னடா ஒடம்புக்கு?” என்று கேட்டார். அவர் கேட்டது அப்பாவை. பார்த்தது என்னை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தைக்குப் புரிந்துவிட்டது.

மருத்துவர் பார்த்து, ஓய்வு போதும் என்றார். கப்பல் கரையை விட்டபோது அப்பாவை மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். அத்தை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கரை சிறியதாகிக்கொண்டு வந்தது.

“சடங்கு அன்னைக்கும் இப்பிடித்தான் எவளுக்காச்சும் நின்னியா?” என்று கேட்டார் அத்தை.

அப்பா கடலைப் பார்த்தபடி சொன்னார். அன்று மதியம் பதினான்கு பேரில் ஒரு பெண் வந்து சேரவில்லை. செடிகளுக்குள் சறுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தார். தேடிக் கண்டுபிடித்து, கம்பளியில் கட்டித் தூக்கி வந்து ஏற்றுவதற்குள் மற்ற ஜீப்புகள் போய்விட்டன, சரிவும் விழுந்துவிட்டது.

“அட கூறுகெட்டவனே, இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நீங்க எல்லாரும் அந்தப் புள்ளையத்தான வைவீக. அது காலு ஒடிஞ்சு கெடக்குது. சடங்க நிப்பாட்டுனவன்னு பேரு வேற சொமக்கணுமா?”

“அதுக்கு என்னைய ஒம்போது வருசம் சொமக்க வச்ச.”

“நீயுந்தான் என்னைய வச்ச. மாலைய ஒரு நாழி தள்ளிப் போட்டா புள்ள என்ன கரைஞ்சா போயிரும்?”

“போடா” என்றார் அத்தை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சட்டைப் பட்டன ஒழுங்காப் போடு. காத்து ஏறுது.”

மீதி நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கப்பல் நின்ற ஒரு தீவைப் பார்த்தோம். கண்ணாடிக் கூரையுள்ள சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ரசத்தில் உப்பில்லை என்று அத்தையும் அப்பாவும் சேர்ந்து குறை சொன்னார்கள். இறங்கும்போது அப்பா, “நல்ல வண்டி. டிரைவரத்தான் கடேசி வரைக்கும் கண்ணுல காட்டல” என்றார்.

கால் முறிந்த அந்தப் பெண்மணி இன்று இந்த வீட்டுக்கு வந்திருக்கலாம். அவர் யார் என்று யாரும் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்பா பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சித்திரை இரண்டாம் வாரத்தில், காலைக் காப்பி குடித்த பிறகு, அப்பாவின் உயிர் பிரிந்தது. வலியில்லை. அம்மாவும் அத்தையும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ‘கப்பலுக்குக் கூட்டிப் போனதால்தான் சீக்கிரம் போய்விட்டார்’ என்று சிலர் சொன்னது என் காதுக்கு வந்தது. அந்தப் படிகளை நானும் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். காரணம் அதுவல்ல என்று மதுரை மருத்துவர் சொல்லிவிட்டார். அப்படியே இருந்தாலும், அப்பா அந்தப் படிகளை ஏறாமல் இருந்திருக்க மாட்டார்.

நன்றிக்குரியவர்கள் பலர். இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள். இறுதிச் சடங்கு நாளன்று வண்டியை எடுக்காமல் வரிசையாக நிறுத்திவிட்டு வந்த ஜீப் ஓட்டுநர்கள். வேலையை விட்டு மலையிலிருந்து இறங்கி வந்த தோட்டத் தொழிலாளர்கள். ரகசியம் காத்த மாமாவும் அவர் மகளும். விட்டுப்போன பெயர்களுக்கு மன்னிப்பு.

அச்சுக்குக் கொடுக்குமுன் இந்தக் கட்டுரையை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பொய் சொல்லிக் கூட்டிப் போனதற்கு மன்னிப்புக் கேட்கும் ஒரு பத்தி இந்த இடத்தில் இருந்தது. அத்தை அதை எடுத்துவிடச் சொன்னார். பிறகு, “பேசாத வருசத்த மட்டும் எழுதிட்ட. பேசுன நாள எழுத மாட்டியா?” என்று கேட்டார்.

நாள்காட்டியை எடுத்து எண்ணினேன். கப்பல் படியிலிருந்து அந்தக் காலை வரை தொண்ணூற்று நான்கு நாட்கள். ஒரு நாள்கூட விடாமல் இருவரும் பேசினார்கள்.