எதிர்க்கடைக்காரனின் தூக்கம்

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல் சந்தைக்குப் போகும் வழியில் பச்சை குத்தும் கடை வைத்திருந்தேன். கடை என்றால் நாலு கம்பு, ஒரு சாக்குப் படுதா, தேளும் தாமரையும் வேலும் வரைந்த ஓர் அட்டை. நானும் அந்த அட்டை மாதிரிதான். புதிதாக ஒன்றும் கிடையாது.

எதிரே நத்தத்துக்காரன் ஒருவன் கடை போட்டான். என்னைவிட இளையவன். வெயில் உச்சிக்கு ஏறியதும் படுதாவை இறக்கிவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துவிடுவான். ஆட்கள் காத்திருப்பார்கள்! வெயில் தாழ எழுந்து முகம் கழுவி, யாரும் பார்த்திராத ஒரு மயிலை யாராவது ஒருத்தியின் கையில் இறக்குவான். அந்த மயில்கூட எனக்குப் பரவாயில்லை. அந்தத் தூக்கம்தான் வயிற்றெரிச்சல்.

அவன் தூங்கும் நேரத்தில் ஆளைப் பிடிக்கலாம் என்று நான் மதியமும் கடையைத் திறந்து வைத்தேன். முதலில் குச்சியால் மையில் வரைந்துகொண்டு, அதன் மேல்தான் ஊசியால் குத்துவோம். மதிய வேர்வையில் மை தோலில் நிற்காது, வழியும். எனக்கோ கண் சொக்கும். சேவுகம்பட்டியிலிருந்து வெங்காயம் கொண்டுவந்த ஒருவர், நான் வரைந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, தேளுதான கேட்டேன்? நண்டு மாதிரில்ல இருக்கு!"

"வயக்காட்டுத் தேளு அப்பு. கொஞ்சம் கொழுப்பாத்தான் இருக்கும்."

சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, எதிர்க்கடைப் படுதா முன்னால் போய்க் குந்திக்கொண்டார்.

அதையும் தாங்கினேன். ஆனால் ஊருக்கெல்லாம் குத்துகிறவனின் மனைவி கை வெறும் கையாக இருந்தது. யார் கையிலும் இல்லாத ஒன்று வேண்டும் என்பாள். நான் நாளைக்கு என்பேன். தாடிக்கொம்புத் திருவிழா நெருங்கிய ஒரு மதியம் சோறு கொண்டுவந்தவள், எதிர்ப்பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"இந்தாங்க, திருவிழாவுக்குள்ள நீங்க குத்துவீகளா, இல்ல அந்தத் தம்பிகிட்டக் கையக் காட்டட்டுமா?"

எடுத்த சோற்றைத் திரும்ப வைத்தேன்.

"அவன் தூங்குறான்டி."

"எந்திரிச்சதும் காட்டுறேன். தூங்கி எந்திரிச்ச கை எம்புட்டு நல்லா வரையுது! உங்க கை சோத்த எடுக்கையிலேயே ஆடுது. செத்த நேரம் படுங்க."

படுதாவை அவளே இறக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள். பொறாமையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். எப்படித் தூங்கினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய சரம் மணிக்கட்டில் சுற்றிக் கிடந்தது.

சரத்தை எடுத்து வைத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் அதையே வரைந்தேன். தொங்கும் நார் நுனி, நழுவப்போகும் ஒரு மொட்டு உட்பட. மை வழியவில்லை. கையும் ஆடவில்லை.

"குத்துங்க" என்றாள்.

மறுநாள் அவள் சோறு கொண்டுவந்தபோது எதிர்க்கடைக்காரன் எழுந்து வந்து கையைப் பார்த்தான்.

"அண்ணே, இது எந்த அட்டையில இருந்துச்சு?"

"அட்டையில ஏது அப்பு? தூக்கத்துல வந்துச்சு."

அன்று அவன் படுதா இறங்கவே இல்லை. விரித்த துண்டின் மேல் உட்கார்ந்து என் கடையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு நன்றாகத் தெரியும். என் படுதாவின் கிழிசல் வழியாக, நானும் தூங்காமல் அவனைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.